கணினி வந்தும் நோட்டு குறையவில்லையே, ஏன்?

மருத்துவமும் தொழில்நுட்பமும்: வாசகர் கேள்வி பதில்

கிராமப்புற மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் கணினி, டேப், செயலி ஆகியவற்றைக் கையாள்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளில் வந்த கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் அறக்கட்டளை மருத்துவமனைக்குத் தினமும் 60, 70 பேர் வருகிறார்கள். ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர், ஒரு மருந்தாளுநர் இருக்கிறோம். மென்பொருள் விற்க வந்தவர் பதிவு, பில், லேப், மருந்து இருப்பு, ஸ்கேன் என்று வரிசையாகக் காட்டினார். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கிவிடலாமா? விலையில்லா மென்பொருள் எங்களுக்குப் பொருந்துமா? (விழுப்புரம் மாவட்ட வாசகர்)

வேண்டாம். விற்பவர் காட்டும் பட்டியலை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் மேசைமேல் இருக்கும் நோட்டுகளை எண்ணுங்கள். ஓ.பி. பதிவேடு, சர்க்கரை - பிரஷர் நோட்டு, லேப் நோட்டு, மருந்து இருப்பு நோட்டு, மாத அறிக்கை என்று ஐந்தாறு தேறும். ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். கணினியால் நோயாளி ஒருவருக்கு ஒரு நிமிடம் கூடினால்கூட 70 பேருக்கு 70 நிமிடம். இரண்டே செவிலியர் உள்ள இடத்தில் அந்த 70 நிமிடம் எங்கிருந்து வரும்? பல மருத்துவமனைகளில் கணினி மூன்றாம் மாதம் தூசி படிந்து கிடப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான், ஊழியரின் சோம்பல் அல்ல.

ஆகவே முதல் கேள்வி, 'எந்த நோட்டை மூடப்போகிறோம்?' என்பது. ஓ.பி. பதிவேட்டில் எழுதுவதோடு சரி, அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. சர்க்கரை - பிரஷர் நோட்டு அப்படியல்ல. போன மாத அளவு என்ன, மாத்திரை மாற்றினோமா, யார் இரண்டு மாதமாக வரவில்லை என்று தினமும் புரட்டுகிறோம். வராதவர் பட்டியலைக் கையால் எடுக்க அரை நாள் ஆகும், கணினிக்கு ஒரு நொடி. எழுதுகிறவருக்குத் திருப்பித் தருகிற இடத்தில் தொடங்கினால்தான் அவர் எழுதுவார். இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில் பயன்படும் 'சிம்பிள்' செயலி இதற்கு நல்ல முன்மாதிரி. நோயாளி கையில் கியூஆர் குறியீடு உள்ள அட்டை, செவிலியர் கைப்பேசியில் சில கட்டங்கள் மட்டும். மறுமுறை வருபவருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, மருந்து மாற்றம், அடுத்த தேதி என நான்கு கட்டம் போதும். ஐந்தாவது கட்டம் கேட்பவரிடம், அந்தத் தகவலை வைத்து அவர் என்ன முடிவெடுக்கப் போகிறார் என்று கேளுங்கள்.

அடுத்தது நோயாளி எண். இதில்தான் சத்தமில்லாமல் எல்லாம் கெடுகிறது. நம் பெயர்களில் இனிஷியல் ஒரு நாள் முன்னால் வரும், ஒரு நாள் பின்னால் போகும். லட்சுமி ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதப்படுகிறார். வயது கேட்டால் மூன்று வருடமாக 'ஐம்பது' என்பார்கள். தொலைபேசி எண் மகனுடையது, அதே எண்ணில் அவர் மனைவியும் மாமியாரும் பதிவாகியிருப்பார்கள். எனவே வயதைப் பதியாமல் தோராயமான பிறந்த ஆண்டைப் பதியுங்கள். புதுப்பதிவு போடும் முன் பெயரின் முதல் மூன்று எழுத்து, ஊர், பிறந்த ஆண்டு (ஐந்து வருடம் கூடவோ குறையவோ) ஆகியவற்றை வைத்துத் தேடச் செய்யுங்கள். எண்ணின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்பட்ட சரிபார்ப்பு இலக்கமாக இருந்தால், தட்டச்சில் ஓர் எண் பிசகினாலே கணினி ஏற்காது. ஒரே ஆள் இரண்டு எண்ணில் இருந்தால் இணைக்கும் அதிகாரம் ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். எல்லாரும் இணைத்தால் இரண்டு லட்சுமிகள் ஒரே லட்சுமியாகி, ஒருவர் மருந்து மற்றவருக்குப் போகும்.

நோட்டும் கணினியும் சேர்ந்து ஓடும் காலத்துக்கு முடிவுத்தேதி வையுங்கள், நான்கு வாரம் போதும். ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பதிவை எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். பத்தில் ஒன்பது பதிவாவது ஒத்துப்போனால் நோட்டைக் கயிறு போட்டுக் கட்டிப் பீரோவில் வையுங்கள். அது மேசைமேல் இருக்கும்வரை கை அதற்குத்தான் போகும். பிறகு மாலை நான்கு மணிக்கு அன்றைய எல்லாப் பதிவையும் நினைவிலிருந்து கணினியில் ஏற்றுவார்கள். இதைக் கண்டுபிடிப்பது எளிது: பதிவு நேரங்களைப் பாருங்கள், எல்லாம் 3.30க்கும் 4.30க்கும் நடுவில் இருக்கும். ரத்த அழுத்தங்கள் 120/80, 130/80, 140/90 என்று உருண்டையாக இருக்கும். திட்டாதீர்கள். காலையில் அவர் மேசையில் கணினிக்கு இடமிருந்ததா, திரை திறக்க எத்தனை நொடி ஆனது என்று பாருங்கள்.

மின்சாரமோ கணினியோ நிற்கும் நாளுக்கென்று, திரையில் உள்ள அதே நான்கு கட்டங்களை அச்சிட்ட, வரிசை எண் போட்ட நூறு சீட்டு மேசை இழுப்பறையில் இருக்கட்டும். வரிசை எண் இருந்தால்தான் ஒரு சீட்டு ஏற்றப்படாமல் விட்டது தெரியும்.

விலையில்லா மென்பொருள் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பாஹ்ம்னி என்பது சத்தீஸ்கரின் கனியாரியில் ஜன ஸ்வாஸ்திய சஹயோக் என்னும் தொண்டு நிறுவனம் நடத்தும் மருத்துவமனைத் தேவையிலிருந்து பிறந்தது. ஓப்பன்எம்ஆர்எஸ் என்னும் நோயாளிப் பதிவேட்டோடு லேப், பில் மென்பொருள்களையும் கோத்த தொகுப்பு. உரிமக் கட்டணம் இல்லை, ஆனால் சர்வர் வேண்டும், தினமும் பிரதி எடுக்கவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். உள்நோயாளி, லேப், மருந்தகம் எல்லாம் உள்ள இடத்துக்கு அது பொருந்தும். ஒரு மருத்துவர் உள்ள உங்கள் இடத்துக்குச் சட்டை கொஞ்சம் பெரிது.

கேள்வி: ஆறு மாதத்துக்கு ஒரு ரௌட்டர் போய்விடுகிறது. ஸ்டெபிலைசர், ஸ்பைக் கார்டு இரண்டும் போட்டுத்தான் இருக்கிறோம். இன்வெர்ட்டரும் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. (தேனி மாவட்டம்)

இதற்கான சான்று உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2000களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் அதன் கிராமப் பார்வை மையங்களையும், பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீள்தூர வைஃபை மூலம் இணைத்தார்கள். கிராமத்தில் உட்கார்ந்தபடியே நோயாளி திரையில் மருத்துவரிடம் பேச முடிந்தது. 2008இல் அவர்கள் எழுதிய அனுபவத்தின் சாரம் இது: அலைவரிசையைவிட மின்சாரம்தான் அதிகம் படுத்தியது. ஒரு நொடிக்கும் குறைவான நேரம் வந்துபோகும் மின்பாய்ச்சல்கள் 1,000 வோல்ட் வரை அளவாயின. இன்னொரு பக்கம், மின்னழுத்தம் மணிக்கணக்கில் தாழ்ந்து கிடக்கும்போது ரௌட்டர் அணையவும் இல்லை, ஓடவும் இல்லை, அப்படியே உறைந்து நின்றது. நினைவக அட்டையில் உள்ள தகவல் கெட்டது. மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் இணைப்பைத் துண்டித்து, சரியானதும் திரும்பக் கொடுக்கும் சிறு மின்சுற்றை அவர்கள் வைக்க வேண்டியிருந்தது.

ஸ்டெபிலைசர் மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைச் சமன் செய்யும், மின்பாய்ச்சலைப் பிடிக்காது. ஸ்பைக் கார்டு மின்பாய்ச்சலைத் தணிக்கும், தாழ்ந்த மின்னழுத்தத்தை உயர்த்தாது. அதோடு, எர்த் சரியாக இல்லாவிட்டால் ஸ்பைக் கார்டு முழுக் காப்புத் தராது. மின்பணியாளரிடம் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதல் செலவு எர்த்துக்கு. ஸ்பைக் கார்டுக்குள் உள்ள பாகம் ஒவ்வொரு அடியிலும் தேயும். காப்பு விளக்கு அணைந்திருந்தால் அது காக்கவில்லை, மின்சாரத்தை மட்டும் கடத்துகிறது என்று பொருள். இடி மின்னலின்போது மின்கம்பியை மட்டும் பிடுங்கிவிட்டு இணையக் கம்பியை விட்டுவைக்கிறோம், அதன் வழியாகவும் வரும். இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கம்பி இழுக்காமல் ஃபைபர் இழுங்கள். ரௌட்டருக்கும் மோடமுக்கும் 12 வோல்ட் நேர்மின்சாரம் தரும் சிறிய யுபிஎஸ் கிடைக்கிறது. அதைத் தனியாக வாங்கிவிட்டால் பாதி தொல்லை தீரும்.

இன்வெர்ட்டர் கணக்கு இது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கிறது. ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆக 900. இன்வெர்ட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வீணாகும், மிச்சம் 720 போல. இரண்டு மடிக்கணினி, ஒரு ரௌட்டர், ஒரு மோடம் சேர்த்து 100 வாட் என்றால் ஏழு மணி நேரம் ஓடும். யாரோ ஒரு 75 வாட் மின்விசிறியை அதே இணைப்பில் மாட்டினால் நான்கு மணி நேரம். பேட்டரிக்கு வயதாகியிருந்தால் மூன்று. மின்விசிறியைத் தேடுங்கள், கிடைக்கும்! லேசர் பிரிண்டரை இன்வெர்ட்டரில் மாட்டவே கூடாது. சூடேறும் சில நொடிகளில் அது பல நூறு வாட் இழுத்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். சீட்டு அடிக்க தெர்மல் பிரிண்டர் போதும். ஆனால் அந்த எழுத்து சில மாதங்களில் மங்கும், நோயாளி பத்திரப்படுத்த வேண்டியதை அதில் அடிக்காதீர்கள்.

கேள்வி: மலைக்கிராமங்களில் சிக்னல் இல்லை. கர்ப்பிணிகள் விவரத்தை டேப்பில் ஏற்றிவிட்டு வந்தால் சில நாள் எல்லாம் காணாமல் போகிறது. மறுபடி எழுதவேண்டியிருக்கிறது. (கிராம சுகாதார செவிலியர்)

முதலில் ஒரு சோதனை. டேப்பை விமான நிலையில் (ஏரோபிளேன் மோட்) போட்டு ஒரு சோதனைப் பதிவை ஏற்றுங்கள். செயலியை மூடுங்கள், டேப்பை அணைத்து மறுபடி போடுங்கள். பதிவு இல்லையென்றால், அந்தச் செயலி சிக்னல் இல்லாமல் வேலை செய்யும் வகையே அல்ல. நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பயனில்லை, மலைக்குத் தாள்தான். சோதனை முடிந்ததும் அந்தப் பதிவை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

பதிவு இருந்தால், தொலைவது அநேகமாக இந்த வழிகளில்தான்: அனுப்பாமல் வெளியேறுவது, இடம் போதவில்லை என்று செயலியின் தரவை அழிப்பது, அனுப்பும் முன்பே புதிய பதிப்பை ஏற்றுவது. அமைப்புகளில் 'கேஷ்' அழிப்பது பொதுவாகத் தொல்லை தராது, 'டேட்டா' அழிப்பதுதான் ஆபத்து. இரண்டு பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பேட்டரி மிச்சப்படுத்தும் வசதி பின்னணியில் அனுப்புவதை நிறுத்திவிடும், இந்தச் செயலிக்கு மட்டும் அதை விலக்குங்கள். தேதி, நேரம் தானாக அமையும்படி இருக்கட்டும். பேட்டரி முழுக்க இறங்கி எழுந்த டேப் பழைய தேதியில் நின்றால், இன்றைய பதிவு பழையதாகக் கருதப்பட்டு, சர்வரில் முன்பே உள்ள விவரம் அப்படியே நிற்கும். ஒரே தாயின் விவரத்தை இரண்டு டேப்பில் திருத்தினால், பல செயலிகளில் கடைசியாக வந்தது மற்றதை அழிக்கும். ஒரு ஊருக்கு ஒரு டேப் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மலையிலிருந்து இறங்கி சிக்னல் வந்ததும், 'அனுப்பாதவை' எண்ணிக்கை பூஜ்யமாகும்வரை அங்கேயே நில்லுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் மறுநாள்தான்.

கர்ப்பிணிக்குத் தரப்படும் தாய்-சேய் நலப் பதிவு எண்ணான 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணை நான்கு நான்காகப் பிரித்து எழுதுங்கள், படித்துக் காட்டுங்கள். பிறப்புப் பதிவின்போது அந்த எண் கேட்கப்படுவதால், ஒரு இலக்கத் தவறுக்குக் குழந்தையின் தகப்பனார் பல தடவை அலைய நேரும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால், செயலியில் சிவப்பு விழுந்ததை மருத்துவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிடாதீர்கள். அந்தச் சிவப்பு உங்கள் டேப்புக்குள்தான் இருக்கிறது. சிக்னல் கிடைக்கும் முதல் இடத்திலிருந்து பேசுங்கள். 160/110ஐத் தொட்டால் பேசுவதோடு வண்டியும் வேண்டும்.

கேள்வி: தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்பநிலை எச்சரிக்கை இரவெல்லாம் குறுஞ்செய்தியாக வருகிறது. போய்ப் பார்த்தால் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. (மருந்தாளுநர்)

உணரி எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். ஐ.எல்.ஆர். (சுவரில் பனிக்கட்டி அடுக்கு உள்ள தடுப்பூசிக் குளிர்பெட்டி) பெட்டியின் சுவரையோ அடிப்பகுதியையோ தொட்டால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், மூடியோரம் இருந்தால் அதிகமாகக் காட்டும். கூடையில் தடுப்பூசிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். 2 முதல் 8 டிகிரி என்பது அந்த இடத்து அளவு.

சூட்டுக்குப் பயப்படும் அளவுக்கு நாம் உறைவுக்குப் பயப்படுவதில்லை. 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் மின்சாரம் இருந்தாலே ஐ.எல்.ஆர். தாக்குப்பிடிக்கும். ஆனால் பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டி.டி. போன்றவை ஒருமுறை உறைந்தால் வீண். அவற்றை அடியில் வைக்காமல் மேல் கூடையில் வையுங்கள். எச்சரிக்கை வந்த பதற்றத்தில், டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே தடுப்பூசியோடு வைத்து மாற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பேக்கை வெளியே வைத்து, குலுக்கினால் தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகே அடுக்குங்கள். குறுஞ்செய்தி மூன்று பேருக்குப் போகட்டும், அதில் ஒருவர் நிலையத்துக்கு நடந்து வரும் தூரத்தில் குடியிருப்பவராக இருக்கட்டும். மாற்றலாகிப் போனவரின் எண் பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: விழித்திரையைப் படமெடுத்துச் செயற்கை நுண்ணறிவால் சர்க்கரை நோய்ப் பாதிப்பைச் சொல்லும் கருவியை இலவசமாகத் தர ஒரு நிறுவனம் முன்வந்திருக்கிறது. ஏற்கலாமா? (ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்)

ஏற்கலாம், அதற்கு முன் தாய்லாந்தில் நடந்ததைப் படித்துவிட்டு. பத்தும் தானி, சியங்மாய் மாகாணங்களில் 11 மருத்துவ நிலையங்களில் கூகுள் தன் கருவியைப் பயன்படுத்திப் பார்த்து, 2020இல் அதன் அனுபவத்தை வெளியிட்டது. ஆய்வகத்தில் நிபுணருக்கு இணையாகத் துல்லியம் காட்டிய மென்பொருள்தான். ஆனால் அங்கே செவிலியர் எடுத்த படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், தரமில்லை என்று தள்ளிவிட்டது. பல நிலையங்களில் இருட்டறை இல்லை, வெளிச்சத்தில் கண்மணி விரியவில்லை. இணையம் மெதுவானதால் படம் ஏறவே வரிசை நீண்டது. தள்ளப்பட்டவர்களை வேறு ஊர் நிபுணரிடம் போகச் சொன்னால், கூலி வேலையை விட்டு யார் போவார்கள்?

எனவே கையெழுத்துப் போடுமுன் உங்கள் நிலையத்தில், உங்கள் செவிலியர் கையால், 50 நோயாளிகளைப் படமெடுத்துப் பாருங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத்திரை போட்ட அறை வேண்டும். ஒரு கண்ணை எடுத்ததும் வெளிச்சத்தில் மறு கண்மணியும் சுருங்கும், சில நிமிடம் இருட்டில் விட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். வயதானவர்களுக்குக் கண்புரை இருந்தால் படமே வராது. படம் தேறாதவர்களை 'நோய் இல்லை' என்ற பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள், அவர்களுக்குத்தான் கண் மருத்துவர் அதிகம் தேவை. கருவி 'பாதிப்பு' என்று சொன்னவருக்கு எந்த ஊரில், எந்தக் கிழமை, லேசர் சிகிச்சை கிடைக்கும் என்பதற்கு விடை இல்லாவிட்டால், கருவி பயத்தை மட்டும்தான் கொடுக்கும்.

கேள்வி: டி.எச்.ஐ.எஸ்.2 மென்பொருளை எங்கள் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் பயன்படுத்தலாமா? (மட்டக்களப்பு)

அதற்காக உருவானதல்ல அது. ஒஸ்லோ பல்கலைக்கழகம் முன்னின்று வளர்க்கும் அந்த மென்பொருள், பல நிலையங்களின் எண்ணிக்கைகளைத் திரட்டிப் பார்ப்பதிலும், ஒரு நோய்க்கோ திட்டத்துக்கோ உட்பட்டவர்களைத் தொடர்ந்து பார்ப்பதிலும் வல்லது. 2020 தொடக்கத்தில் கோவிட் வந்தபோது, வெளிநாட்டிலிருந்து வருபவர்களைக் கண்காணிக்க உங்கள் நாட்டிலேயே அதை வேகமாக மாற்றியமைத்தார்கள். அந்த வேலைப்பாட்டைப் பிறகு மற்ற நாடுகளும் எடுத்துக்கொண்டன. அது சாத்தியமானதற்குக் காரணம் மென்பொருள் மட்டும் அல்ல. மருத்துவத் தகவலியல் படித்த மருத்துவர்கள் சுகாதார அமைச்சுக்குள்ளேயே இருந்தார்கள். ஆனால் வரிசை எண், மருந்துச் சீட்டு, ஆய்வுகூட முடிவு என்று நகரும் வெளிநோயாளர் பிரிவுக்கு மருத்துவமனை மென்பொருள் வேறாக வேண்டும். அதிலிருந்து மாத எண்ணிக்கையை இதற்குள் அனுப்பலாம்.

கேள்வி: நன்கொடையாளர் ஒருவர் 20 டேப்பும் ஒரு வருடச் சேவையும் தருகிறார். பிறகு? (திருவண்ணாமலை)

'பிறகு' என்று கேட்டீர்களே, அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். உகாண்டாவில் ஆளுக்கொரு கைப்பேசிவழி மருத்துவ முன்னோட்டத் திட்டமாக முளைத்து, ஒன்றோடொன்று பேசாமல் போகவே, 2012 ஜனவரியில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் அவற்றை நிறுத்திவைக்கச் சொன்னது.

கேட்க வேண்டியவை: சிம் ரீசார்ஜ் யார் செய்வது, எந்த மாதம் வரை? உடையும் டேப்புக்கு மாற்றாகக் குறைந்தது இரண்டு கூடுதல் கிடைக்குமா? முழுத் தரவையும் சாதாரண அட்டவணைக் கோப்பாக நீங்களே எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடியுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு, 'எங்களிடம் கேட்டால் தருவோம்' என்ற பதில் செல்லாது. முதல் மாதமே எடுத்துக் காட்டச் சொல்லி, திறந்து, தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஆபா எண் (மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) இல்லாத நோயாளியைத் திருப்பி அனுப்பலாமா? பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

இரண்டுக்கும் கூடாது. 14 இலக்க ஆபா எண் நோயாளியின் விருப்பம், சிகிச்சைக்கு நிபந்தனை அல்ல. கைப்பேசி இல்லாத மூதாட்டியை ஓ.டி.பி.க்காக நிற்க வைக்காமல் உங்கள் மருத்துவமனைப் பதிவு எண்ணிலேயே பதியுங்கள். வாட்ஸ்அப் பட்டியலைப் பொறுத்தவரை, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே நிறைவேறிவிட்டது. சட்டத்தை விடுங்கள், காசநோயாளியின் பெயர் குழுவிலிருந்து ஊருக்குப் போக ஒரு விரல் போதும். அவசரமாகச் சொல்ல வேண்டுமானால் பதிவு எண்ணையும் ஊரையும் மட்டும் அனுப்புங்கள், பெயரை அவர்கள் கணினியில் பார்த்துக்கொள்ளட்டும். அப்படியே, திரையோரம் ஒட்டியிருக்கும் கடவுச்சொல் சீட்டையும் கிழித்துவிடுங்கள்.